எடைமேடைக்காரரும் இரண்டு விடுதலைகளும்

தராசு என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது, என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, எங்கள் வீட்டுக்கு வாழ வந்த நான்காம் நாள். அன்று அடுப்படியில் எனக்குக் கையில் எண்ணெய் தெறித்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து ஊதிவிட்டு, "நல்லவேளை, எங்க அண்ணன் இங்க இல்ல. இருந்தா தனக்குச் சுட்டுக்கிட்ட கதைய அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உங்களுக்குக் கொப்புளம் ஆறியே போயிருக்கும்" என்றாள். எந்த அண்ணன் என்று கேட்டேன். "தராசு அண்ணன்" என்றாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது துறைமுகத்துச் சம்பளப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அவரைப் பெற்ற அம்மாவே கடைசிக் காலத்தில், "தராசு வந்துட்டானா?" என்றுதான் கேட்டாளாம்.

ஒப்பிடுவோர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்றால், அதைவிட இரண்டு டிகிரி கூடுதலாக அவர்களுக்கு அடித்த வருடம் ஒன்று இருக்கும். உங்கள் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் முழங்கால் வரை வந்தது என்றால், அவர்கள் வீட்டில் அது என்றைக்கோ இடுப்பு வரை வந்துவிட்டுப் போயிருக்கும். நீங்கள் செத்தே போனாலும், உங்களைவிட நன்றாகச் செத்த ஒருவரை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த இனத்தில் பல கிளைகள். நோவை ஒப்பிடுகிறவர்கள், பிள்ளைகளின் மார்க்கை ஒப்பிடுகிறவர்கள், மருமகள்களை ஒப்பிடுகிறவர்கள். இவர்களெல்லாம் சாதுக்கள், ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிடலாம். தராசு சேர்ந்த கிளை அப்படிப்பட்டதல்ல. அது நாட்டு விடுதலையை ஒப்பிடும் கிளை. எந்த நாடு அதிகம் அடி வாங்கியது, எந்த நாடு அழகாக அடி வாங்கியது, எந்தச் சிறையில் மூட்டைப்பூச்சி பெரிது, இதுதான் அவர்களுக்குக் காலையும் மாலையும் தியானம்.

அவருக்கு வேலையும் அதற்குத் தோதாகவே அமைந்தது. துறைமுக வாசலில் எடைமேடை. தரையோடு தரையாகப் பதித்த பெரிய இரும்புப் பலகை. அதன்மேல் லாரி ஏறி நிற்கும். பக்கத்துச் சின்ன அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு எண் தெரியும். வாசலைத் தாண்டும் எந்த வண்டியும் அதில் ஏறி இறங்காமல் போக முடியாது. லாரி ஏறியதும் தராசு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார். "இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க. நீங்க ஏறி நின்னா சரக்கு எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" ஓட்டுநர் இறங்க வேண்டும். மூட்டைமேல் சாய்ந்து தூங்கி வருகிறவனும் இறங்க வேண்டும். ஒருமுறை துறைமுக அதிகாரியே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். அவரையும் இறக்கிவிட்டுத்தான் எண்ணைப் பார்த்தார். இந்த விஷயத்தில் அவரைப் போல நேர்மையானவர் கிடையாது. நான் அதை மறுக்கவே மாட்டேன்.

வேலை நேரத்தில் லாரி. மற்ற நேரத்தில் நாடு.

எங்கள் பேட்டையில் இரண்டு நாட்டுக்காரர்கள் இருக்கிறோம். எங்கள் நாட்டை வெளியிலிருந்து வந்தவன் ஆண்டு, சரக்கையெல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தான். அது நடந்து அறுபது வருடம் ஆகிறது. கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற நாட்டிலும் அவனுடைய உறவுக்காரன்தான் ஆண்டான். ஆனால் அவன் போகவில்லை. அங்கேயே வீடு கட்டி உட்கார்ந்துகொண்டு, தோலின் நிறத்தைப் பார்த்து யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கதவு வழியாக நுழையலாம் என்று சட்டம் போட்டான். அதை எதிர்த்தவர்களில் தப்பிப் பிழைத்த கொஞ்சம் பேர் எங்கள் துறைமுகத்தில் வந்து இறங்கி, அடுத்த தெருவில் குடியேறி, நாளாவட்டத்தில் எங்கள் பேச்சை எங்களைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். நாங்கள் அவர்களை அக்கரைக்காரர்கள் என்போம். அவர்களுக்கும் பிறகு விடுதலை வந்தது. ஆனால் அதற்குள் இங்கே பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டன. யார் திரும்பிப் போவது?

ஆக, இரண்டு தட்டிலும் வைக்கச் சரக்கு தயார். தராசு சும்மா இருப்பாரா?

அவரிடம் ஒரு வாசகம் உண்டு. "குறைச்சுச் சொல்றேன்னு நினைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார். அப்படி ஆரம்பித்தால் குறைக்கப் போகிறார் என்று அர்த்தம். "குறைச்சுச் சொல்றேன்னு நினைக்காதீங்க, உங்க நாட்டுல சிறையில கம்பளி குடுத்தாங்களாமே? எங்க ஆளுங்களுக்குக் கோணிதான்." கம்பளி போர்த்திக்கொண்ட குற்றத்துக்காக எதிரே இருப்பவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். இன்னொரு வார்த்தையையும் கவனியுங்கள். "நாங்க" என்பார். "நாங்க அடி வாங்கினோம், நாங்க பட்டினி கிடந்தோம், நாங்க கடைசிவரைக்கும் கை ஓங்கல." எங்கள் நாட்டுக்கு விடுதலை கிடைத்த அன்று இந்த 'நாங்க' தொட்டிலில் கிடந்து அழுதுகொண்டிருந்தது. அன்று பேட்டையே கொடி பார்க்கப் போய்விட்டதால் பால் கொடுக்க ஆளில்லையாம். அவர் பட்ட கஷ்டம் அவ்வளவுதான்.

அவருக்கு ஈடு அக்கரைக்காரர்களில் ஒரு தையற்காரர். கழுத்தில் எப்போதும் அளவுநாடா தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவியையே கேட்டிருக்கிறேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். தராசு எடை என்றால் அவர் நீளம். "எங்க போராட்டம் எத்தனை வருஷம் தெரியுமா?" என்று நாடாவை உருவியபடியே கேட்பார், ஏதோ அதில் அளந்து காட்டப் போகிறவர் மாதிரி.

இருவரும் தினம் காலையில் சலூனில் செய்தித்தாளுக்கு வருவார்கள். ஒருநாள் தையற்காரர், தங்கள் ஊர்ப் பூங்காவில் வெள்ளைக்காரனுக்கு மட்டும் என்று எழுதிய பெஞ்சு இருந்ததைச் சொன்னார். அவருடைய அப்பா அதில் உட்கார்ந்ததற்காகத்தான் முதல்முறை உள்ளே போனாராம். முடிவெட்ட வந்திருந்தவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தராசு செய்தித்தாளை மடித்தார்.

"உங்களுக்காவது பெஞ்சு இருந்துச்சு. எங்க ஊர்ல பெஞ்சே கிடையாது. இருந்தாத்தானே உக்காரக்கூடாதுன்னு சொல்ல முடியும்?"

"இல்லாத பெஞ்சுல உக்கார முடியலன்னு ஒரு வருத்தமா?"

"அதைவிடப் பெரிய வருத்தம் வேற என்ன இருக்கு?"

பாதிக் கன்னத்தில் சோப்போடு இருந்தவர், தன்னைக் கவனிக்கும்படி நாவிதரைக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

சலூனாவது பரவாயில்லை. இழவு வீடு? அக்கரைக்காரர் ஒருவர் இறந்தபோது, பாவம், நாலு வருடம் சிறையில் சிமென்ட் தரையில் படுத்து முதுகு போனவர் என்று யாரோ சொன்னார்கள். தராசு தலைமாட்டில் நின்றுகொண்டு, எங்கள் ஆட்களுக்கு மண் தரைதான், அதுவும் ஈரத்தரை என்றார். மண் மெத்தென்று இருக்குமே என்றார் தையற்காரர். மண்ணில் பூச்சி வரும் என்றார் இவர். பூச்சியாவது துணைக்கு வந்ததே என்றார் அவர். நடுவில் கிடந்தவர்தான் அன்று அந்த வீட்டிலேயே நாகரிகமாக நடந்துகொண்டார்.

இன்னொரு அதிசயம். கஷ்டப்பட்டதை அளக்கும்போது எங்களுடையது மிக நீண்ட போராட்டம். ஜெயித்ததை அளக்கும்போது நாங்கள்தான் சீக்கிரம் முடித்தவர்கள். இரண்டும் எப்படி ஒரே போராட்டமாக இருக்கும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் விளக்குவார். அந்த பயம்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் பேசியதெல்லாம் வெறும் வம்பு அல்ல. "விருந்தாளியா வந்தவனை வாசல்வரைக்கும் கொண்டுபோய் விடுறதும், வீட்டுக்குள்ளயே கட்டில் போட்டுப் படுத்தவனைக் கிளப்புறதும் ஒண்ணா?" என்று தையற்காரர் கேட்டால், நியாயம்தானே என்று தோன்றும். கையில் ஒரு கல்லைக்கூட எடுக்காமல் தலையைக் கொடுத்தவர்களின் நெஞ்சுரம் வேறு, உங்கள் ஆட்கள் துப்பாக்கி எடுத்தார்களே என்று தராசு சொன்னால், அதுவும் நியாயம்தானே என்று தோன்றும். தலையைக் கொடுத்தால் அடிக்கிறவனுக்கு வெட்கம் வர வேண்டும், எங்களை அடித்தவனுக்கு அது பிறவியிலேயே இல்லை என்று தையற்காரர் திருப்பினால், அப்போதும் நியாயம்தான். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் தொல்லை. ஒருவர் பொய் சொல்லியிருந்தால் பேச்சு அன்றைக்கே முடிந்திருக்கும்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சுவர் வந்தது.

எங்கள் பேட்டையில் துறைமுகத் தொழிலாளர் மன்றம் இருக்கிறது. அதன் வாசல் சுவரில், இந்தப் பேட்டையோடு உறவுள்ளவர்களில் இரண்டு நாட்டு விடுதலைக்கும் சிறை போனவர்கள், செத்தவர்கள் பெயரையெல்லாம் எழுதுவது என்று மன்றத்தில் முடிவு செய்தார்கள். எங்கள் பக்கம் பதினொரு பெயர். அக்கரைக்காரர்கள் பக்கம் ஒன்பது. எங்கள் பதினொன்றில் என் மாமனாரின் தம்பியும் ஒருவர். கொடியோடு சுவர் ஏறிக் குதித்து, காலை முறித்துக்கொண்டு, அந்தக் காலோடு இரண்டு வருடம் உள்ளே இருந்தவர். போர்டு எழுதும் பெயின்டர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மழைக்கு முன்னால் எழுதியாக வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் எழுத்து நிற்காது என்றார். மழைக்கு ஏழு வாரம் இருந்தது. எந்தப் பெயர் எங்கே என்று முடிவு செய்யும் பொறுப்பை, விவரம் தெரிந்தவர்கள் என்று சொல்லி, யார் கையில் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஆம். அவர்களேதான்.

இங்கே சலவை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் அக்கரையிலிருந்து வந்தவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். கப்பல்களிலிருந்து இறங்கும் படுக்கை விரிப்பு, துண்டெல்லாம் வெளுக்கும் சலவைச்சாலையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தாள். அழுக்குத் துணி மூட்டையோடு லாரியில் ஏறித் துறைமுக வாசலுக்கு வருவாள். எடைமேடையில் தராசு அவளை இறக்கிவிடுவார். முட்டி வலிக்கிறது என்பாள். உன் முட்டியையும் சேர்த்து என்னால் எடை போட முடியாது என்பார். முனகிக்கொண்டே இறங்குவாள், எடை முடிந்ததும் முனகிக்கொண்டே ஏறுவாள். பதினைந்து வருடம்.

அவளுக்கு ஒரே தம்பி. பத்தொன்பது வயதில், சட்டையில் அடையாளச் சீட்டு இல்லாமல் வெள்ளைக்காரர் தெருவில் நடந்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு வேறு குற்றங்களும் அவன்மேல் வந்து சேர்ந்தன. சிறையிலேயே போய்விட்டான். உடலைக் கொடுக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. அவன் பெயர் எழுதின ஒரு கல்லோ கட்டையோ உலகத்தில் எங்கும் கிடையாது. இப்போது அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பெயரை ஒரு தடவை தன் கண்ணால் படிக்க வேண்டும்.

முதல் வாரம் தலைப்பைப் பற்றிப் பேசினார்கள். 'இரு நாட்டு வீரர்கள்' என்றால் எந்த நாடு முதல் நாடு? இரண்டாம் வாரம் பாதிப்பாதி என்று முடிவாயிற்று. தையற்காரர் நாடாவால் அளந்தார். வாசற்கதவு நடுவில் இல்லை, இடது பக்கம் மூன்று விரல் அகலம் கூடுதல். அந்த மூன்று விரலில் ஒரு வாரம் போயிற்று. படிக்கிறவன் இடமிருந்து வலமாகத்தான் படிப்பான், முன்னால் விடுதலை வாங்கியவர்களுக்கு இடப்பக்கம் என்றார் தராசு. கடைசியில் படித்ததுதான் மனதில் நிற்கும், வலது பக்கத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது, இடப்பக்கத்தையும் கொடுக்க முடியாது என்றார் தையற்காரர். நாலாவது வாரம் பெயின்டர் ஏணியை விட்டு இறங்கி வந்து, அடித்த வெள்ளை பழுப்பாகிவிட்டது, மறுபடி அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சலவை அக்கா தினமும் என் ஜன்னலுக்கு வந்து, "ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்பாள். நாளுக்கு நாள் ஜன்னலுக்குக் கொஞ்சம் கிட்டே வந்து கேட்டாள்.

ஆறாவது வாரம் தராசு ஒரு தாளோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எந்த நாடு என்று பார்க்கவே வேண்டாம், இருபது பேரையும் ஒரே வரிசையாக்கிவிடலாம். சிறையில் இருந்த காலம்தான் கணக்கு. அதிக வருடம் இருந்தவர் மேலே, பெரிய எழுத்தில். குறையக் குறைய எழுத்தும் சின்னதாகிக் கீழே வரும். இதைவிட நடுநிலை உண்டா? முதல் பெயர் அக்கரைக்காரர், பதினொரு வருடம். அதனால் தையற்காரருக்குச் சந்தோஷம். இரண்டும் மூன்றும் நாலும் நம்மவர்கள். அதனால் தராசுக்குச் சந்தோஷம். இருவரும் கைகுலுக்கினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு எழுத ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். என் ஓரகத்தியும் கூட வந்தாள். தராசு ஒவ்வொரு பெயராகப் படித்தார். வருடத்தைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்தார். பத்தொன்பது பெயர் முடிந்தும் அக்கா காத்திருந்தாள். இருபதாவதாக வந்தான் அவள் தம்பி. ஏழு மாதம்.

அது எந்த இடத்தில் வரும் என்று அக்கா கேட்டாள். பெயின்டர் காட்டினார். முழங்கால் உயரம். சைக்கிள் நிறுத்துகிற மூலை.

"குனிஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியாதே, தம்பி" என்றாள் அக்கா தராசைப் பார்த்து.

"வரிசை அப்படி வருதுக்கா. ஏழு மாசம்தானே."

"ஆமா, ஏழு மாசம்தான். எட்டாவது மாசத்த எண்ணுறதுக்கு அவன் இல்ல."

எந்த மனிதனும் அங்கே வாயை மூடியிருப்பான். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, பெருமூச்சு மாதிரி அதுபாட்டுக்கு வெளியே வந்துவிடும். தராசு தொண்டையைச் செருமினார். "குறைச்சுச் சொல்றேன்னு நினைக்காதீங்கக்கா. ஆனா எங்க பக்கத்துல ஒரு சுமைதூக்கி, பாவம், நாலே மாசத்துல..."

அக்கா கையை உயர்த்தினாள். சத்தம் போடவில்லை. லாரிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி சாதாரணமாகத்தான் பேசினாள்.

"தம்பி, பதினஞ்சு வருஷம் என்னை வண்டியில இருந்து இறக்கி விட்டீங்க. முட்டி வலிக்குதுன்னு சொன்னாலும் விடமாட்டீங்க. நீ ஏறி நின்னா சரக்கு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. சரின்னு இறங்கிடுவேன். இப்ப நீங்க ஏறி நிக்கிறீங்களே, தம்பி. அந்தப் பதினோரு பேர் மேலயும் ஏறி நிக்கிறீங்க. இறங்குங்க. உங்களுக்கு முட்டி நல்லாத்தானே இருக்கு?"

முதலில் சிரித்தவர் தையற்காரர். அக்கா சிரிப்பு வந்த திசைக்குத் திரும்பினாள்.

"நீங்களும்தான். நாடாவையும் எடுத்துக்கிட்டு இறங்குங்க."

தராசு தாளை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். இனி மடிக்க முடியாது என்று ஆனதும், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டு, மன்றத்துப் படியில் போய் உட்கார்ந்தார். அந்தத் தாள் இன்னும் என் மருந்துப் பெட்டியில் இருக்கிறது.

அப்புறம் நடந்ததற்கு யாரும் கூட்டம் போடவில்லை. பெயின்டர்தான் ஆறு வாரமாகத் தூரிகையை ஊறவைத்துக்கொண்டு காத்திருந்தவர். அவருக்கு வேலை முடிந்தால் போதும்.

"நீங்களே சொல்லுங்கக்கா. எந்த உயரத்துல எழுதட்டும்?"

"நான் நின்னா என் கண்ணுக்கு நேரா. குனியவும் கூடாது, அண்ணாந்தும் பாக்கக்கூடாது."

அவர் அவளைச் சுவரோடு நிற்க வைத்து, அவள் கண்ணுக்கு நேராகச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். கோட்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "அப்ப எல்லாருக்கும் இப்படியே வச்சிடலாமா? அவங்கவங்க சொந்தக்காரங்க ஒருத்தர் வந்து நில்லுங்க. ஒருத்தருக்கு ஒரு பேருதான்" என்றார்.

வந்து நின்றார்கள். வந்த வரிசையில்தான், இடம் கிடைத்த பக்கத்தில்தான். என் மாமனாரின் தம்பிக்கு நான் போய் நின்றேன். அக்காவுக்குப் பக்கத்துக் கோடு என்னுடையது, நாலு விரல் மேலே. தையற்காரர் தன் அப்பாவுக்காக நின்றார். பழக்கத்தில் நாடாவை உருவியவர், பெயின்டர் பார்த்த பார்வையில் திரும்பச் சுற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் வெளியூரிலிருந்தும் சிலர் வந்தார்கள். உயரமும் குட்டையுமாகக் கோடுகள் சுவர் முழுக்கச் சிதறின, இந்த நாடும் அந்த நாடும் கலந்து. சலவை அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, கொடியில் அவசரமாகக் காயப்போட்ட துணி மாதிரி இருக்கிறது, ஆனால் காய்ந்துவிடும் என்றாள்.

பத்தொன்பது கோடு ஆயிற்று. ஒன்று பாக்கி. அந்தப் பதினொரு வருடக்காரர். அவருக்கு மனைவி மக்கள் கிடையாது. இங்கே வந்து தனியாகவே இருந்து, தனியாகவே போனவர். அவருக்காக நிற்க உறவு என்று ஒருவரும் இல்லை.

தராசு இரண்டு நாளாக அதே படியில் உட்கார்ந்திருந்தார். பெயின்டர் விவரம் தெரியாமல், "அண்ணே, நீங்க யாருக்கு நிக்கணும்?" என்று கேட்டுவிட்டார்.

என் ஓரகத்தி தரையைப் பார்த்தாள். எனக்கும் தெரியும், உறவு விஷயத்தில் எனக்கு எதுவும் மறப்பதில்லை. தராசின் அப்பாவும் அதே எடைமேடையில்தான் வேலை பார்த்தார். அப்பாவின் அப்பாவும் அதே எடைமேடைதான். வெளியிலிருந்து வந்தவன் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோன சரக்கையெல்லாம் ஒரு மூட்டை தப்பாமல் எடைபோட்டுக் கொடுத்தது அந்தக் குடும்பம்தான். வயிற்றுப்பாடு; யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் பதினொரு பெயரில் அவருடைய ஆள் என்று ஒருவரும் இல்லை. 'நாங்க, நாங்க' என்று நாற்பது வருடம் சொன்னவருக்குச் சுவருக்கு முன்னால் போய் நிற்க ஒரு பெயர் கிடையாது.

"யாரும் இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து ஒப்பீடு இல்லாமல் வந்த முதல் வாக்கியத்தை அன்றுதான் கேட்டேன்.

ஓரகத்தி எழுந்து போய் அவர் தோளைத் தொட்டாள். "அந்த ஒருத்தருக்கும் யாரும் இல்லையாம்ண்ணே. போய் நில்லு."

அவர் எழுந்தார். சுவரிடம் போனார். நின்றவர், என்ன நினைத்தாரோ, விலகி வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி போய் நின்றார். செருப்பின் உயரம் சேர்ந்துவிடக்கூடாதாம். பெயின்டர் கோடு இழுத்தார்.

மழைக்கு மூன்று நாள் முன்னால் எழுதி முடிந்தது. சலவை அக்கா தன் கோட்டுக்கு முன்னால் போய் நின்று, மூக்கு சுவரில் உரசும்படி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஐந்தே எழுத்து. படித்து முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். பிறகு பெயின்டரைக் கூப்பிட்டு, மூன்றாவது எழுத்தின் கால் கோணலாக இருக்கிறது என்றாள். அவர் ஏணியில்லாமலே திருத்திக் கொடுத்தார். இப்போது அவளுக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. கையை நேராக நீட்டினால் பெயர் அங்கே இருக்கிறது.

இதோடு தராசு திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அவ்வளவு சுலபத்தில் திருந்தினால் அது இனம் ஆகுமா? அவர் நல்ல உயரம். அதனால் அந்தப் பதினொரு வருடக்காரரின் பெயர்தான் சுவரிலேயே எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் சலூனில் செய்தித்தாளை மடித்தார்.

"குறைச்சுச் சொல்றேன்னு நினைக்காதீங்க. உங்கப்பா ஆறு வருஷம்தான். எங்க ஆளு பதினொண்ணு."

"யாரு உங்க ஆளு? அவரு எங்க நாட்டுக்காரரு."

"இருக்கட்டுமே. நின்னது யாரு?"

அன்று முழுக்கத் தையற்காரர் நாடாவை உருவுவதும் சுற்றுவதுமாக இருந்தார். இப்போதெல்லாம் அக்கரை நாட்டைப் பற்றி யாராவது இளக்காரமாக ஒரு வார்த்தை சொன்னால், சண்டைக்கு முதலில் கிளம்புகிறவர் தராசுதான். சட்டம், சிறை, தேதி எல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறார். கோணியைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. கம்பளி மிகவும் மெல்லியது என்கிறார்.

இவ்வளவு தூரம் படித்தீர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். படித்துக்கொண்டே வரும்போது, எந்த நாட்டுக்காரர்கள்தான் உண்மையில் அதிகம் பட்டவர்கள் என்று மனதுக்குள் ஒரு பக்கம் சாய்ந்தீர்களா இல்லையா? சரி, அதை விடுங்கள். "இவரெல்லாம் என்ன பிரமாதம், எங்கள் வீட்டில் ஒருத்தர் இருக்கிறாரே, அவருக்கு முன்னால் இந்தத் தராசு தூசு" என்று ஓர் இடத்திலாவது நினைத்தீர்களா?

நினைத்திருந்தால் கொஞ்சம் இறங்கி நில்லுங்கள். மற்ற வண்டிகள் காத்திருக்கின்றன.

தராசுக்குப் போன மாசி மாதத்தோடு வேலை ஓய்வாகிவிட்டது. மன்றத்துச் சுவருக்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். தினமும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அதில் வலது ஓரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். இடது ஓரத்தில் தையற்காரர்.